பதனிடாத தோல்

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் சென்றபின், நாம் நம் பேரனை அழைத்துக்கொண்டு காட்பாடி சந்திப்பிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டோம். பையனுக்கு வயது பத்து. பெருநாளன்று பெரியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கையில் வைத்த காசை அவன் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தான். அக்காசில் முக்கால் பங்கைக் கொடுத்து, தான் திரையில் கண்டு வியந்த ஒரு விஞ்ஞானப் படத்தின் சித்திரக் கதை நூலை வாங்கி, அதை மார்போடு அணைத்தபடி வண்டியில் ஏறினான். வழவழப்பான தாள்; கண்ணைப் பறிக்கும் வண்ணம்; படத்தில் வந்த விண்கலம் அட்டை முழுவதையும் நிறைத்திருந்தது.

வண்டி வாலாஜா ரோடு நிலையத்தைத் தொடுமுன் அவன் நூலை மூடிவிட்டான். அதற்குள் முடிந்துவிட்டதா என்று கேட்டோம்.

"ஆமா நன்னா. படத்துல பார்த்ததுதான் இதுல இருக்கு, அதுவும் பாதிதான். அந்தக் கப்பலுக்கு உள்ளே என்ன இருக்கும்னு காட்டுவாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

அரக்கோணம் வரும்வரை அந்நூல் இருக்கையிலேயே கிடந்தது. பையன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நாம் அதை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தோம். பையன் சொன்னது முற்றிலும் உண்மை. திரைப்படத்தின் நிழற்படங்களைப் பார்த்து அவசரமாக வரைந்த முகங்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் தொடர்பில்லாத தாவல்கள். படத்தைப் பாராதவருக்குப் புரியாத, பார்த்தவருக்குத் தேவைப்படாத வசனங்கள். நூலின் எப்பக்கத்திலும் எழுதியவர் இன்னார், வரைந்தவர் இன்னார் என்ற குறிப்பைக் காணோம்.

ஒரு சிறுவனின் சித்திரப் புத்தகத்துக்காக ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் புன்னகை புரியக்கூடும். வீணானது காசு மட்டுமாயிருந்தால் நாமும் புன்னகையோடு விட்டிருப்போம். அச்சேறிய நூலின் மீது ஒரு பிள்ளை வைத்த நம்பிக்கை அன்று அந்த வண்டியில் சேதமுற்றது. திரையில் கண்டதைவிட ஒரு படி கூடுதலாக ஏதோ ஒன்று நூலில் இருக்கும் என்று நம்பித்தான் அவன் வாங்கினான். படிப்பின் மீது பற்றுள்ள எல்லாரும் கொண்டிருக்கும் நம்பிக்கைதானே அது? அந்த நம்பிக்கையை முதலில் ஊட்டியவர்களும் நாமே. 'காட்சியைப் பார்த்தது போதும், புத்தகத்தைப் படி' என்று வீடுதோறும் சொல்லி வருகிறோம். படித்தவனுக்குக் கிடைத்தது காட்சியின் எச்சில் என்றால், அடுத்த முறை நம் சொல்லுக்கு என்ன மதிப்பிருக்கும்?

திரைப்படம் ஒன்று வெளியாகும் ஆரவாரத்தை நம்பி, அதன் கதையையே சித்திரங்களாக்கி விற்கும் இத்தகைய நூல்களை 'ஒட்டு நூல்கள்' என்று அழைப்போம். இவை இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. நம் நாட்டுக்கு மட்டும் உரியனவும் அல்ல. இதன் பழைய வீடு அமெரிக்கா. அங்கு நடந்த இரண்டினை எடுத்துக்கொண்டால் நோயின் வேர் தெரியும்.

முதலாவது, '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்னும் படம். 1968இல் வெளியாயிற்று. இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். கிளார்க் நமக்கு அயலாரல்லர். 1956ஆம் ஆண்டு முதல் 2008இல் மறையும்வரை இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டு, கொழும்பில் வாழ்ந்து எழுதியவர். அந்தப் படத்தின் சிறப்பு அதன் மௌனம். தொடங்கி ஏறத்தாழ 25 நிமிடம் வரை ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. முடிவிலும் அவ்வாறே, நெடுநேரம் பேச்சில்லை. ஆதி மனிதக் கூட்டத்தின் நடுவே ஒரு கரும்பலகை வந்து நிற்கிறது. அது என்ன, யார் வைத்தது என்று எவரும் விளக்குவதில்லை. பார்ப்பவன் திகைக்கிறான், திகைப்பிலிருந்து எண்ணத் தொடங்குகிறான்.

எட்டாண்டுகள் கழித்து 1976இல், மார்வெல் நிறுவனம் அப்படத்தைப் பெரிய அளவுச் சித்திரக் கதை நூலாக வெளியிட்டது. வரைந்தவர் ஜாக் கிர்பி. இவர் சாமானியரல்லர்; 1941இல் 'கேப்டன் அமெரிக்கா'வையும் 1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவையும் கூட்டாகப் படைத்த மேதை. அவருடைய கோடுகளில் வலிமை உண்டு. விண்வெளியை அவர் வரைந்தால் அது கொதிக்கும். ஆனால் அந்நூலில் நிகழ்ந்தது என்ன? படம் எங்கெல்லாம் மௌனம் காத்ததோ அங்கெல்லாம் நூல் பேசியது. ஆதி மனிதன் என்ன எண்ணினான், கரும்பலகை என்ன செய்தது என்று கட்டத்துக்குக் கட்டம் விளக்க வாசகங்கள் வந்து நின்றன. பார்ப்பவன் தானே எண்ணிக் காண வேண்டியதை நூல் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. தொழுகையின் அமைதியில் ஒருவர் எழுந்து நின்று, 'இப்போது எல்லாரும் அமைதியாக இருக்கிறார்கள்' என்று உரக்க அறிவித்தால் எப்படியோ, அப்படி! மேதையின் கையே இங்கு வழுக்கியது என்றால், பெயரில்லாத கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இதே கிர்பி, மூலக் கதையை முடித்த பின் அதே தலைப்பில் மாத இதழாகப் பத்து இதழ்கள் வரைந்தார். அவற்றில் படத்தைப் பின்தொடரும் கட்டாயம் தளர்ந்தது. எட்டாம் இதழில் அவரே கற்பனை செய்த ஓர் இயந்திர மனிதன் தோன்றினான். பின்னர் அவன் 'மெஷின் மேன்' என்ற பெயரில் தனி இதழே பெற்றான். படத்தின் விரலைப் பிடித்து நடந்தபோது தடுமாறிய அதே ஓவியர், விரலை விட்டதும் நிமிர்ந்து நடந்தார். இதை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இரண்டாவது, 'ஸ்டார் வார்ஸ்'. படம் 1977 மே 25ஆம் நாள் வெளியாயிற்று. ராய் தாமஸ் எழுதி ஹோவர்ட் சேக்கின் வரைந்த சித்திரக் கதையின் முதல் இதழோ, அதற்குச் சில வாரங்கள் முன்னரே கடைக்கு வந்துவிட்டது. முடிந்த படத்தைப் பார்த்து வரையும் வாய்ப்பு வரைந்தவருக்கு ஏது? திரைக்கதைப் பிரதியும் கையில் கிடைத்த நிழற்படங்களுமே ஆதாரம். ஆகவே படத்திலிருந்து வெட்டி நீக்கப்பட்ட காட்சிகள் நூலில் இருந்தன. ஜாபா என்னும் பாத்திரம் நூலில் இரண்டு கால்களால் நடக்கும் மஞ்சள் நிற மீசைப் பிராணியாக வந்தான்; 1983இல் திரையில் அவன் தோன்றியபோதோ, மலைபோன்ற ஒரு நத்தை உடலாகக் கிடந்தான். ஆறு இதழ்களில் படத்தின் கதை முடிந்தது. விற்பனையோ கொழுத்தது. நொடித்துக் கொண்டிருந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது அந்த விற்பனையே என்று, பின்னாளில் அங்கு தலைமை ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டர் எழுதியிருக்கிறார். விற்கும் சரக்கை நிறுத்த எந்த வணிகருக்கு மனம் வரும்? கதை தீர்ந்த பின்னும் இதழ் தொடர்ந்தது; எட்டாம் இதழில் துப்பாக்கி ஏந்திய பச்சை நிற முயல் ஒன்று வந்து சேர்ந்தது! அந்த முயலை நாம் வெறுக்கவில்லை. அது படைத்தவர்களின் சொந்தக் குறும்பு. அந்த அளவில் அதற்கு உயிருண்டு. படத்தைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து அதன் அடுத்த அடியைத் தேடி வந்த சிறுவனுக்கு அது விடையாகுமா என்பதே நம் கேள்வி.

இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது யாது? ஒட்டு நூல் கெடுவதற்குச் சித்திரக் கதை என்னும் வடிவம் காரணமன்று. வரைபவரின் திறமைக் குறைவும் எப்போதும் காரணமன்று. படம் வெளியாகும் நாளுக்குள் நூல் முடிய வேண்டும் என்னும் அவசரம் ஒன்று. படத்தின் வழியிலிருந்து ஓர் அங்குலமும் விலகக் கூடாது என்னும் கட்டு மற்றொன்று. எப்படியும் விற்றுவிடும் என்னும் அலட்சியம் மூன்றாவது. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில், வாசகன் என்று ஒருவன் இருப்பதே மறந்துபோகிறது. வாங்குபவன் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறான்.

நம் வட்டார மக்களுக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோலோடு தலைமுறை தலைமுறையாக உறவாடியவர்கள் நாம். பச்சைத் தோலைக் கொண்டுவந்து, ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, முடி நீக்கி, சதை நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் வாரக்கணக்கில் கிடத்தி, எண்ணெய் ஊட்டி, உலர்த்தி எடுத்தனர் நம் முன்னோர். பின்னாளில் குரோம் முறை வந்து காலம் சுருங்கிற்று. வேலை சுருங்கியதே தவிர, ஒழியவில்லை. ஆட்டின் உடலுக்குப் பொருந்திய தோல், மனிதனின் காலுக்குப் பொருந்தும் செருப்பாக வேண்டுமானால், இடையில் அது தன் பழைய குணத்தை இழந்து புதிய குணத்தைப் பெற்றாக வேண்டும். அதற்குப் பெயரே பதனிடுதல். பச்சைத் தோலின் மேல் மெருகு பூசி விற்றால் என்னவாகும்? கடையில் பளபளக்கும், வீட்டில் நாறும்.

திரைக்காகப் பிறந்த கதையும் பச்சைத் தோலே. திரையில் அசைவு உண்டு, ஓசை உண்டு, இசை உண்டு. தாளில் இவை எதுவுமில்லை. ஆனால் திரைக்கில்லாத ஒரு செல்வம் தாளுக்கு உண்டு. வாசகன் ஒரு கட்டத்தின் மீது விரும்பிய நேரம் தங்கலாம், பின்னே திரும்பலாம், இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் தானே ஓர் உலகைக் கட்டிக்கொள்ளலாம். விண்கலத்தின் உட்புறத்தை ஒரு பக்கம் முழுவதும் விரித்து வரைந்து காட்டினால், திரையில் மூன்று விநாடியில் மறைந்தது தாளில் மூன்று நாள் நிலைக்கும். நம் பேரன் கேட்டது இதைத்தான். பத்து வயதுப் பாலகனுக்குத் தெரிந்த இந்த இலக்கணம், அந்நூலை வெளியிட்டவர்களுக்குத் தெரியாமற் போனது எங்ஙனம்?

ஒரு மொழியில், ஒரு வடிவில் இருந்ததை வேறொன்றுக்குக் கொண்டுவரும் கலையில் நம் சமுதாயத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிர மசலா, வேற்று மொழியில் வழங்கிய வினா விடையைத் தமிழ்ச் செய்யுளாக்கிய நூல். அது முதலாக மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று எத்தனை வகைகள் நம் புலவர்களின் கையில் தமிழாயின! உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது, அரபு நாட்டின் வரலாற்றை மூட்டையாகக் கட்டித் தமிழ்க் கரையில் இறக்கிவிட்டுப் போகவில்லை. மழை பொழிந்து, ஆறு பெருகி, வயலில் நெல் விளையும் நாடாக அவர் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடினார். பூகோளம் அறிந்தவர் இதைக் குறை சொல்லலாம். தமிழ்க் காப்பியம் என்னும் வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதை அறிந்தவர் குறை சொல்லமாட்டார். அந்த வாசல் வழியாக அழைத்துச் சென்றதால்தான் அந்த வரலாறு நம் மக்களின் நெஞ்சில் அமர்ந்தது.

சீறாவையும் சிறுவர் சித்திரக் கதையையும் ஒரே தட்டில் வைப்பதா என்று எவரும் சினங்கொள்ள வேண்டாம். தகுதியில் ஒப்பிடவில்லை, உழைப்பின் நேர்மையையே சுட்டினோம். எடுத்த வடிவத்துக்கு உண்மையாக இருத்தல் பெரும்புலவனுக்கும் கடமை. சிறுவர்க்கு வரைபவனுக்கும் கடமை.

சித்திரக் கதையிலேயே நல்ல சான்று வேண்டுமா? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. அதன் 'இரும்புக்கை மாயாவி'யை அறியாத சிறுவன் அக்காலத்தில் தமிழகத்தில் உண்டா? தோல் மண்டிக்குப் போன தந்தையார் திரும்பி வருமுன் படித்து முடித்துவிட வேண்டுமென்று, மாடிப்படியின் கீழ் அமர்ந்து அதைப் படித்த தலைமுறை நாம். ஒரு புத்தகம் பத்துக் கை மாறும். பத்தாவது கைக்கு வரும்போது அட்டை இராது. ஆனாலும் ஆவல் குறையாது. அதுவும் விஞ்ஞானக் கதையே. அதுவும் அயல்நாட்டுச் சரக்கே. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய கதையின் தமிழாக்கம். ஆனால் அது எந்தப் படத்தின் வாலையும் பிடித்து வரவில்லை, தாளுக்காகவே பிறந்தது. மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். இக்கற்பனையின் அழகைப் பாருங்கள்! கட்டத்தில் மனிதனை வரையாமல் விட்டதே அங்கு சித்திரம். வெற்றுத் தாளையே கதாநாயகனாக்கிய அந்த உத்தியை, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகை மெய்யாக்கியது. மலிவான தாளில், மங்கிய மையில் வந்த அந்நூல் அரை நூற்றாண்டு கடந்தும் நினைவில் நிற்கிறது. வழவழப்பான தாளில், பல வண்ணத்தில் வந்த நூலோ இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டவில்லை.

இனி, இரு தரப்பாருக்கு விடை சொல்ல வேண்டும்.

'எதையாவது படிக்கட்டும், கைப்பேசியைப் பார்ப்பதற்கு இது மேல்' என்கின்றனர் ஒரு சாரார். பசித்த பிள்ளைக்கு எதையாவது கொடுங்கள் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். மண்ணை ஒருமுறை தின்ற பிள்ளைக்குச் சோற்றின் மீதும் ஐயம் பிறக்கும். மோசமான நூல் நல்ல நூலுக்கு ஏணி ஆகும் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். படிப்பில் ஏமாந்த பிள்ளை மேலும் படிக்கப் போவதில்லை. ஏமாற்றாத கைப்பேசிக்கே திரும்பிப் போகும்.

'சித்திரக் கதை என்றாலே குப்பை. வீட்டில் நுழைய விடாதீர்கள்' என்கின்றனர் மறு சாரார். இவர்களுடைய அக்கறையை மதிக்கிறோம், தீர்ப்பை மறுக்கிறோம். ஒரு மூட்டைத் தோலில் நான்கு பழுதென்றால், நான்கை ஒதுக்குவதுதான் தரம் பிரிப்பவரின் வேலை. மூட்டையையே பாலாற்றில் எறிவது வேலையன்று. எல்லாவற்றையும் தடுப்பவரும், எல்லாவற்றையும் அனுமதிப்பவரும் வெளிப்பார்வைக்கு எதிரிகள். உண்மையில் ஒரே குணத்தினர். இருவருமே நூலைத் திறந்து பார்ப்பதில்லை. பிள்ளைக்குச் சட்டை வாங்கும்போது துணியைத் தடவிப் பார்க்கிறோம். செருப்பு வாங்கும்போது தையலை இழுத்துப் பார்க்கிறோம். அவனுடைய அறிவுக்குள் போகும் பொருளை மட்டும் அட்டையைப் பார்த்து வாங்குகிறோம். அல்லது அட்டையைப் பார்த்து விலக்குகிறோம்.

இந்தப் பேச்சுக்கு இன்று அவசரம் உண்டு. தமிழ்த் திரைக்கு விஞ்ஞானக் கதை இனிமேலும் விருந்தாளியன்று. 1963இல் 'கலை அரசி'யில் வேற்றுக் கோளிலிருந்து மனிதர் வந்திறங்கியது ஓர் அபூர்வம். பின்னர் 2010இல் 'எந்திரன்', 2015இல் 'இன்று நேற்று நாளை', 2018இல் '2.0', 2024இல் 'அயலான்' என்று அவ்வரிசை நீண்டு வருகிறது. படங்கள் பெருகும்போது அவற்றின் பெயரில் பொம்மை, பை, பென்சில் பெட்டியோடு நூல்களும் வந்து குவியும். பொம்மை பொம்மையாக இருக்கட்டும். நூல் என்று பெயரிட்டு விற்பது நூலாக இருக்க வேண்டும். அளவையில் மோசம் செய்வதைக் கடுமையாகக் கண்டித்த மார்க்கத்தில் வந்தவர்கள் நாம். பக்கம் குறையாமலிருந்து பொருள் குறைந்தாலும் அது அளவைக் குறைவே அல்லவா?

எனவே வெளியிடுவோரிடம் நாம் கேட்பவை மூன்றே. எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் முதற்பக்கத்தில் அச்சிடுங்கள். பெயர் போடத் துணிந்தவன் பொறுப்பேற்கத் துணிந்தவன். படம் காட்டியதைத் திரும்பக் காட்டாதீர்கள். படம் காட்டாது விட்டதைக் காட்டுங்கள், அதற்கு அமைதியாக அமர்ந்து வரையும் காலத்தை ஓவியருக்குக் கொடுங்கள். படத்தைப் பாராத ஒரு சிறுவனிடம் நூலைக் கொடுத்து, அவன் விரும்பிப் படிக்கிறானா என்று கண்டறிந்த பின் கடைக்கு அனுப்புங்கள்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றே. வாங்குமுன் நான்கு பக்கம் நின்று படியுங்கள். நமக்கே சலித்தால் பிள்ளைக்கும் சலிக்கும். நாமே ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். அன்று காட்பாடியில் நாம் இதைச் செய்யவில்லை. வண்டி வந்துவிடும் என்ற அவசரத்தில் தலையசைத்துவிட்டோம். பையனின் பெருநாள் காசு வீணானதில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள், கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பையன் எதையோ வரைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தோம். அந்த விண்கலத்தின் உட்புறம்! சமையற்கட்டு இருந்தது, படுக்கும் அறை இருந்தது, ஒரு மூலையில் ஒளு செய்ய ஒரு குழாயும் இருந்தது. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டோம். அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

விலை கொடுத்து வாங்கிய நூலில் கிடைக்காததை அவன் விலையில்லாத தாளில் தேடத் தொடங்கிவிட்டான். தேடாமல் சோர்ந்துபோகும் பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்களுக்காக எழுதுபவரும், வரைபவரும், வெளியிடுபவரும், வாங்கிக் கொடுப்பவரும் சிந்திப்பார்களாக.